எல்லைப்புறத்தில் பழைய நாகரிகங்கள்: வீட்டுவழிக் கல்வி, நூல்கள், செய்முறைகள் பற்றிய ஓர் ஆய்வு

பொருளும் எல்லையும்

பிள்ளையின் படிப்புக்கான பொறுப்பைப் பெற்றோரே ஏற்று, பள்ளிக்கு வெளியே நடத்துவது வீட்டுவழிக் கல்வி. அதன் பாடங்களுள் பழைய நாகரிகங்களின் வரலாறு மற்றப் பாடங்களைவிட வீட்டுக்கு எளிதாக ஒத்துவருகிறது. கணக்கில் ஒரு படியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதனால் ஏழு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித்தர இயலாது. ஆனால் மொகஞ்சதாரோவைப் பற்றிய கதையை இருவரும் சேர்ந்து கேட்கலாம். இளையது களிமண்ணில் செங்கல் அறுக்கும். மூத்தது அந்தச் செங்கல்லின் நீள அகலக் கணக்கைப் பார்க்கும். பாடம் ஒன்று, ஆழம் வேறு.

இக்கட்டுரை கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டியுள்ள பகுதிகளை எடுத்துக்கொள்கிறது. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், அட்டப்பாடி, இடுக்கியில் மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பள்ளியை முழுவதுமாக விட்டு வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் இங்கே மிகக் குறைவு. தேயிலை, ஏலத் தோட்டங்களில் தாயும் தகப்பனும் காலையிலேயே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மாலையிலும் விடுமுறையிலும் வீட்டில் வரலாறு சொல்லித்தருவது பலருக்கும் எட்டக்கூடியது. முழுநேர வீட்டுக்கல்வி, பள்ளியோடு சேர்ந்த வீட்டுக்கல்வி ஆகிய இரண்டும் இங்கே கருதப்படுகின்றன.

வீட்டில் வரலாறு கற்பித்த முன்னோடிகள்

பிள்ளைக்குத் தனியாக அமர்ந்து உலக வரலாறு சொல்லித்தந்தவர்களில் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருபவர் ஜவஹர்லால் நேரு. 1928 கோடையில் மகள் இந்திரா முசூரியில் இருந்தார். அவருக்கு அப்போது பத்து வயது. நேரு அலகாபாத்திலிருந்து எழுதிய கடிதங்கள் 1929இல் நூலாயின. பூமி தோன்றியது, உயிர்கள் வளர்ந்தது, மனிதர் கூட்டமாக வாழத் தொடங்கியது, முதல் நகரங்கள் எழுந்தது என்று அவை வரிசையாகச் செல்கின்றன. ஆற்றோரத்தில் கிடக்கும் உருண்டைக் கூழாங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுவே தன் கதையைச் சொல்லும் என்பது தொடக்கக் கடிதத்தின் கருத்து. 1930 முதல் 1933 வரை சிறைகளிலிருந்து எழுதிய நீண்ட கடிதங்கள் தமிழில் ‘உலக சரித்திரம்’ என்ற பெயரில் வெளிவந்தன. கையருகே நூலகம் இல்லாத நிலையிலும் ஒரு தந்தையால் இதைச் செய்ய முடிந்தது என்பது மலைநாட்டுப் பெற்றோருக்குத் தெம்பூட்டும் செய்தி.

மேலைநாடுகளில் இதற்கு வேறு வேர்கள் உண்டு. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923), வறண்ட சுருக்கங்களைத் தவிர்த்து, பொருளில் ஊறிய ஒருவர் எழுதிய உயிருள்ள நூல்களையே பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்றார். படித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்வது அவர் முறையின் உயிர்நாடி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கால்வர்ட் பள்ளியை நடத்திய வி.எம். ஹில்யர், அஞ்சல்வழி வீட்டுப்பாடத்தை 1906இல் தொடங்கினார். 1924இல் சிறுவருக்கான உலக வரலாற்று நூல் ஒன்றையும் எழுதினார். சூசன் வைஸ் பாவர் 2001இல் வெளியிட்ட பண்டைய உலகக் கதைநூல் இன்றைய வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே பெரிதும் பரவியது. அதன் துணைநூலில் கோழி ஒன்றை உப்பிட்டு உலர்த்தி எகிப்திய முறையில் பதப்படுத்தும் செய்முறை இடம்பெற்றுள்ளது.

கையால் செய்து கற்கும் முறைக்கும் வலுவான முன்னோடிகள் உண்டு. ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் பிள்ளைகள் கம்பளி நூற்றும் சமைத்தும் தொழில்களின் வரலாற்றைக் கற்றனர். காந்தியடிகள் 1937இல் வர்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே எல்லாப் பாடங்களுக்கும் நடுநாயகமாக வைத்தது. தக்ளியில் நூல் நூற்கும் பிள்ளை, பருத்தியின் கதையைக் கேட்கும்போது சிந்துவெளி வரை போய்வர முடியும்.

இந்த எல்லைப்புறத்திலேயே ஒரு நேரடிச் சான்றும் இருக்கிறது. ஆசிரியர்களாக இருந்த கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி தம்பதியர் 1980களில் அட்டப்பாடியில் அகளியை அடுத்த மலைச்சரிவில் ‘சாரங்’ என்ற மாற்றுக் கல்வி முயற்சியைத் தொடங்கினர். தங்கள் பிள்ளைகளையும் வழக்கமான பள்ளிக்கு அனுப்பாமல் அங்கேயே வளர்த்தனர். மொட்டையாகிக் கிடந்த குன்றில் மண்ணையும் நீரையும் மீட்டு, மரம் வளர்த்து, வீடு கட்டி வாழ்வதே அங்கே பாடத்திட்டம். மண், நீர், குடியிருப்பு, வேளாண்மை ஆகிய நான்கும் எல்லாப் பழைய நாகரிகங்களின் அடிப்படைக் கேள்விகள் என்பதை நினைத்தால் இந்த முயற்சியின் வரலாற்றுப் பொருத்தம் விளங்கும்.

சட்டமும் தேர்வும்

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தரும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. அதை மீறுவோருக்குத் தண்டனை எதையும் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வி என்ற ஏற்பாட்டைச் சட்டம் தனியாகக் குறிப்பிடவும் இல்லை.

நடைமுறையில் இத்தகைய பிள்ளைகளுக்குத் துணை நிற்பது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளும், 14 வயது நிறைந்தோர் எழுதக்கூடிய பத்தாம் வகுப்புத் தேர்வும் அதில் உள்ளன. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பொறுத்தவரை, தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதியை மொழிச் சிறுபான்மையினருக்கு ஏற்படுத்தித்தர வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுக்கான பாடநூல்களையும் மாநிலக் கல்வித் துறை தமிழில் வெளியிடுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளமும் கட்டாயம். இரு மொழிகளிலும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு சங்ககாலத் துறைமுகமான முசிறி பற்றி மலையாளத்தில் வருவதும் சங்ககால நகரமான கீழடி பற்றித் தமிழில் வருவதும் ஒருங்கே எட்டும். இது எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு வாய்த்த பேறு.

ஆறுகளிலிருந்து தொடங்குதல்

பாடநூல்கள் பெரும்பாலும் நைல், யூப்ரடீஸ், டைக்ரிஸ், சிந்து என்று தொலைவிலுள்ள ஆறுகளில் தொடங்குகின்றன. பிள்ளை அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்கிறது. ஆறு ஏன் நகரத்தை வளர்த்தது என்பது அதன் மனத்தில் தைப்பதில்லை. இப்பகுதியில் வீட்டுக்கு அருகே ஓடும் ஆற்றிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் இங்குள்ள ஆறுகள் பழந்தமிழக நகரங்களுக்கே போய்ச் சேருகின்றன.

கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றுள் பவானி அட்டப்பாடி வழியாகவும் பாம்பாறு மறையூர் வழியாகவும் பாய்கின்றன. பாம்பாற்று நீர் அமராவதியாகி, கரூரைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. கரூர் சேரர் தலைநகரான வஞ்சி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதன் அருகே புகளூர்க் குன்றில் சேர இரும்பொறை மரபின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. பெரியாறு மேற்கே பாய்ந்து, முசிறி இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் பகுதிக்கருகே கடலை அடைகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் அதே ஆற்று நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. அந்த வைகையின் கரைப்பகுதியில்தான் கீழடி இருக்கிறது. குமுளியில் வளரும் பிள்ளை ஒரே ஆற்றின் கதையில் சங்ககாலத் துறைமுகம், சங்ககால நகரம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நீர்ப்பொறியியல் ஆகிய மூன்றையும் காணலாம்.

இதற்கான முதல் செய்முறை நிலப்படம். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழை மரப்பலகைமேல் பூசி, மேற்குத் தொடர்ச்சி மலையை எழுப்ப வேண்டும். நடுவே பாலக்காட்டுக் கணவாய்க்கு இடைவெளி விட வேண்டும். காய்ந்தபின் நீல நூலால் ஆறுகளை ஒட்டி, முசிறி, கொடுமணல், கரூர், பொருந்தல், மதுரை, கீழடி ஆகிய இடங்களில் ஊசி குத்தலாம். மேலைக் கடற்கரையிலிருந்து கொங்குநாட்டுக்கு மலையேறாமல் வர ஒரே அகன்ற வழி இந்தக் கணவாய்தான் என்பதைப் பிள்ளையின் விரலே கண்டுபிடித்துவிடும். நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பு, எஃகுத் தொழிலும் மணித்தொழிலும் செழித்ததும், கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததும் ஏன் என்று அதன்பிறகு நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கல்லில் நிற்கும் சான்றுகள்

மறையூரை அடுத்த கோவில்கடவில், பாம்பாற்றங்கரைப் பாறைகளின்மேல் கற்பலகை வீடுகள் நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்கிறார்கள். பக்கங்களில் செங்குத்தாக நட்ட கற்பலகைகள், மேலே மூடுகல் என்பது அவற்றின் அமைப்பு. சின்னாறு காட்டுக்குள் ஆலாம்பட்டிப் பகுதியிலும் இத்தகையவை உள்ளன. மறையூர்க் காடுகளில் பழைய பாறை ஓவியங்களும் உண்டு. பாலக்காட்டில் மலம்புழை அணை நீர்ப்பரப்புக்குள்ளும் ஓரத்திலும் உள்ள மேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை கண்டறிந்ததாக 2025இல் செய்தி வெளியானது. திருச்சூர் மாவட்டத்துச் சேரமானங்காட்டிலும் அரியன்னூரிலும் குடைக்கற்கள் பாதுகாக்கப்படுகின்றன. பாலக்காட்டிலிருந்து அவை ஒருநாள் பயணத் தொலைவு.

தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களில் மிகுதியானவை கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டையும் கி.பி. தொடக்க நூற்றாண்டுகளையும் சேர்ந்த இரும்புக்கால ஈமச் சின்னங்கள். எகிப்தின் பிரமிடும் ஓர் ஈமச் சின்னமே. இறந்தவரைப் பேண மனிதர் எதற்காக இவ்வளவு பெரிய கல்லைச் சுமந்தார்கள் என்ற ஒரே கேள்வியை மறையூரிலும் கீசாவிலும் கேட்கலாம். ஆட்கள் எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள், அவர்களுக்குச் சோறிட்டவர் யார், ஆணை பிறப்பித்தவர் யார் என்று தொடரும் கேள்விகள் இரு சமூகங்களின் அளவையும் அமைப்பையும் ஒப்பிட வைக்கும்.

இதற்கான செய்முறையை வீட்டு முற்றத்தில் செய்யலாம். நான்கு தட்டைக் கற்களை மணலில் நட்டு, கனமான ஐந்தாவது கல்லைக் கையால் தூக்காமல் மேலேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் குச்சியால் நெம்புவார்கள். பக்கக் கற்கள் சாயும். பிறகு உள்ளும் புறமும் மண்ணைக் கொட்டிச் சரிவு அமைத்து, உருட்டுக் குச்சிகள்மேல் கல்லை இழுத்து ஏற்றி, மண்ணை அகற்றும் வழி புலப்படும். உண்மையான முனியறைகளில் ஏறுவதோ, கல்லை அசைப்பதோ, பெயர் கிறுக்குவதோ கூடாது என்பதைப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். பார்ப்பது, அளப்பது, வரைவது, திசைகாட்டியால் வாயிலின் திசையைக் குறிப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்ல பழக்கம். காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் தேவை.

நூல்கள்

நூல்களை மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளலாம். முதலாவது, வரிசை தரும் நூல்கள். தமிழ்நாட்டு அரசின் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் சிந்துவெளி நாகரிகமும் தமிழகத்தின் பண்டைய நகரங்களும் உள்ளன. ஒன்பதாம் வகுப்பு நூலில் எகிப்து, மெசபடோமியா, சீனா உள்ளிட்ட பண்டைய நாகரிகங்கள் ஒரே பாடமாக வருகின்றன. இவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும். கேரளத் தமிழ்வழிப் பாடநூல்களை இவற்றோடு சேர்த்து வைத்துப் படிப்பது நல்லது. ஒரே காலத்தை இரு மாநிலங்கள் எந்தெந்தப் பக்கத்திலிருந்து சொல்கின்றன என்பதைக் காண்பதே ஒரு வரலாற்றுப் பயிற்சி.

இரண்டாவது, மனத்தில் ஒட்டும் நூல்கள். நேருவின் கடிதங்கள் இவ்வகை. வெ. சாமிநாத சர்மாவின் ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’, மா. இராசமாணிக்கனாரின் சிந்துவெளி நாகரிகம் பற்றிய நூல், மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பழங்காலத் தமிழர் வாணிகம்’ ஆகியவை பெரியவர்களுக்கானவை. பெற்றோர் ஒரு பகுதியை முன்கூட்டிப் படித்து, இரவில் வாய்மொழியாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையும் ஆர்வத்தோடு கேட்கும். பழைய நூல்களின் ஆண்டுக் கணக்குகள் பிந்திய அகழாய்வுகளால் மாறியிருக்கலாம் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சான்றை நேரே காட்டும் வெளியீடுகள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூலில் பானையோடுகள், எழுத்துப் பொறிப்புகள், விளையாட்டுக் காய்கள் ஆகியவற்றின் படங்கள் உள்ளன. ஆர். பாலகிருஷ்ணனின் ‘ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை’ இடப்பெயர்களைச் சான்றாக வைத்து வாதிடும் நூல், பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது. நூல்களை வாங்க இயலாத குடும்பங்களுக்குக் கேரளத்தின் ஊர் நூலகங்கள் பெருந்துணை. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் விளைவாகச் சிற்றூர்களிலும் வாசகசாலைகள் இருக்கின்றன. தமிழ் நூல்கள் வேண்டும் என்று பெற்றோர் கூட்டமாகக் கேட்டால் அவை வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

செய்முறைகள்

எழுத்து. மூன்று எழுதுபொருள்களை அடுத்தடுத்து முயல்வது இப்பாடத்தின் மிக வளமான செய்முறை. முதலில் ஈரக் களிமண் பலகை. மூங்கில் குச்சியின் நுனியைச் சாய்வாக வெட்டி அதில் எழுதச் சொன்னால், வளைகோடு இழுக்கும்போது மண் சுருண்டு எழுந்து எழுத்தை மூடும். குத்தி எடுத்தால் ஆப்பு வடிவம் தெளிவாகப் பதியும். சுமேரியர் ஏன் ஆப்பெழுத்துக்கு வந்தார்கள் என்பது அப்போது புரியும். அடுத்து பனையோலை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலையை மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து மழமழப்பாக்கி, ஆணியால் கீற வேண்டும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுத்துத் தெரியும். நரம்போடு ஒட்டி நேர்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். வளைத்து எழுதினால் தாங்கும். மூன்றாவது பானையோடு. உடைந்த பானையின் ஓட்டில் தமிழ்ப் பிராமியில் தன் பெயரைக் கீறுவது. கீழடி ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற ஆட்பெயர்கள் இருக்கின்றன. ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்குரிய ஒலிகளுக்குத் தமிழ்ப் பிராமியில் தனி வடிவங்கள் உண்டு. குழலி என்ற பெயருள்ள பிள்ளை அந்த ழகரத்தைக் கீறும்போது ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியைத் தன் பெயரிலேயே காண்கிறது.

கணக்கு. மெசபடோமியாவில் ஊருக் நகரின் பழைய களிமண் பலகைகள் பெரும்பாலும் வாற்கோதுமை, ஆடு, கூலி பற்றிய கணக்குகள். எழுத்து அங்கே கவிதைக்காகப் பிறக்கவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு சேரும் என்று எழுதிவைக்கப் பிறந்தது. மூணாற்றிலோ பீர்மேட்டிலோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே கிலோக் கணக்கு எழுதப்படுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது அன்னியமான செய்தி இல்லை. ஒரு வாரக் கொழுந்துக் கணக்கைச் சொற்களின்றிக் குறிகளால் மட்டும் களிமண்ணில் பதியச் சொல்லலாம். அடுத்த வாரம் இன்னொருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். படிக்க முடியாமல் போகும் இடங்களில் எழுத்துமுறைக்கு என்ன தேவை என்பது தெளிவாகும்.

எடை. சிந்துவெளியின் கனசதுர எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துச் செல்கின்றன. மிகச் சிறியது ஏறத்தாழ 0.86 கிராம், அதன் பதினாறு மடங்கான சுமார் 13.7 கிராம் கல் மிகுதியாகக் கிடைத்தது. இரண்டு கொட்டாங்கச்சிகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் கட்டித் தராசு செய்து, களிமண் உருண்டைகளால் இதே வரிசையை உருவாக்கலாம். எல்லா உருண்டையிலும் ஒவ்வொன்றை மட்டும் வைத்துக்கொண்டே 1 முதல் 127 மடங்கு வரை எந்த எடையையும் நிறுக்கலாம் என்று பிள்ளை கண்டறியும்போது அந்த வணிகர்களின் கூர்மை மேல் மதிப்பு பிறக்கும். நிறுக்க ஏலமும் மிளகும் போதும். நம் பொற்கொல்லர் பயன்படுத்திய குன்றிமணியையும் ஒப்பிட்டுக் காட்டலாம். அதன் பருப்பு நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது.

முத்திரை. துணி சோப்புக் கட்டியை இரண்டரைச் சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, ஊசியால் காளையும் நான்கைந்து குறிகளும் செதுக்கிக் களிமண்ணில் அழுத்தினால், எல்லாம் இடவலம் மாறிப் பதியும். முத்திரை செதுக்கியவர் கண்ணாடி பிம்பமாக எண்ணிச் செதுக்கியிருக்கிறார் என்பது அப்போது தெரியும். அந்தக் குறிகள் இன்னும் ஐயமற வாசிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு 417 குறிகளைப் பட்டியலிட்டது. பெரியவர்களும் விடை காணாத கேள்வி உண்டு என்பது பிள்ளைக்கு ஊக்கம் தரும்.

மிளகு. இடுக்கி மலையில் கொடியில் விளையும் இந்தப் பொருள் பண்டைய உலகைத் திறக்கும் சிறந்த திறவுகோல். கி.மு. 1213இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளையில் மிளகு இருந்தது. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. வியன்னாவில் உள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும் ‘ஹெர்மாபோலோன்’ என்ற கப்பலின் சரக்கையும் பதிவு செய்கிறது. 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பட்டணத்தில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாக வெளிப்பட்டன. உடல், சாடி, பாடல், ஆவணம், அகழ்குழி என்று ஐந்து வகைச் சான்றுகள் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. வீட்டு மிளகுக் கொடியிலிருந்து ரோமாபுரி வரை வழியை வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று எது என்று எழுதவைப்பது ஒரு மாதத்துக்கான வேலை.

கதையும் சான்றும்

முனியறைகளில் முனிவர்கள் தவம் செய்தார்கள் என்றும் பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கினார்கள் என்றும் ஊரார் சொல்வதுண்டு. மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டுக் குடிகள் மதுரைப் பக்கமிருந்து வந்ததாக மரபுக் கதை உண்டு. தாத்தா பாட்டி சொல்லும் இக்கதைகளைத் தூக்கி எறியக் கூடாது. அவற்றைச் சான்றோடு குழப்பவும் கூடாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, ஊர் என்ன சொல்கிறது, தோண்டியபோது என்ன கிடைத்தது, இன்னும் தெரியாதது எது என்று எழுதும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து.

பெருமித உணர்வுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பழனியை அடுத்த பொருந்தலில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்றும், கீழடியின் ஒரு மாதிரி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் காலக்கணிப்புகள் வந்துள்ளன. சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அறிஞர்களிடையே அதுபற்றிய விவாதம் தொடர்கிறது. மாதிரி எந்த அடுக்கில் கிடைத்தது, எத்தனை மாதிரிகள் ஒத்துப்போகின்றன என்று கேட்கக் கற்ற பிள்ளை, தன் மண்ணை நேசிப்பதோடு உண்மையையும் நேசிக்கும்.

வயது வரிசை

ஆறு முதல் எட்டு வயது வரை கதை, மண், நெருப்பு, உணவு போதும். தினை, சாமை, கேழ்வரகு ஆகியவற்றைக் கல்லில் அரைத்து அடை சுடுவது வேளாண்மையின் தொடக்கத்தைச் சொல்லிவிடும். ஒன்பது முதல் பதினொன்று வரை காலக்கோடு, நிலப்படம், ஒப்பீடு. சுவர் நீளத்துக்குக் கயிறு கட்டி, நூறாண்டுக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொரு நிகழ்வையும் அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். பன்னிரண்டுக்கு மேல் சான்றை எடைபோடுதல், இரு நூல்கள் முரண்படும் இடத்தைக் கண்டறிதல், சிறு கட்டுரை எழுதுதல். எந்த வயதிலும் படித்ததைத் திருப்பிச் சொல்வதே முதல் தேர்வு; செய்து முடித்த பொருளின் அழகைவிட, அது எதை விளக்குகிறது என்று பிள்ளையால் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல். அட்டைப் பிரமிடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கேள்வி எழாவிட்டால் பொழுதுபோக்காகவே நின்றுவிடும்.

தடைகள்

முதல் தடை நேரம். தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெற்றோரிடம் தெம்பு மிச்சமிருப்பதில்லை. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டினால் சுமை பங்கிடப்படும். வீட்டுக்கல்வியில் பிள்ளை தனித்துப்போகும் என்ற குறையும் நீங்கும். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, ஊர்த் தன்னார்வலர் ஒருவர் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கும் முறைக்குப் பக்கத்து மாநில முன்மாதிரி.

இரண்டாவது தடை படிப்பறிவு. தாமே அதிகம் படிக்காத பெற்றோர் வரலாறு எப்படிச் சொல்லித்தருவது என்று தயங்குகிறார்கள். பானை வனைபவர், கொல்லர், கல் உடைப்பவர், காட்டைத் தெரிந்த முதுவர், இருளர் மூத்தோர் ஆகியோரிடம் உள்ள அறிவு எந்த நூலிலும் முழுதாக இல்லை. படிக்கத் தெரிந்த பிள்ளை உரக்க வாசிக்க, தொழில் தெரிந்த பெரியவர் விளக்க, இருவருமே ஆசிரியர் ஆகலாம்.

மூன்றாவது தடை பொருள். இப்பகுதியின் கேரளப் பக்கத் தொல்லியல் இடங்களைத் தமிழில், சிறுவர் மொழியில், நல்ல படங்களோடு விளக்கும் கையேடுகள் அரிது. முனியறைகளையும் மலம்புழைக் கற்சின்னங்களையும் பட்டணத்தையும் கணவாய் வணிகத்தையும் ஒரே நூலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறையோடு தருவது ஆசிரியர்களும் நூலகங்களும் கூடிச் செய்யக்கூடிய பணி. அது வரும்வரை பாடநூலும் ஊர் நூலகமும் ஆற்றங்கரையும் முனியறையும் பாடத்துக்குப் போதுமான தொடக்கம். பெற்றோரின் தொடர்ந்த கவனம் சேர்ந்தால் இந்த மலைநாட்டுப் பிள்ளைகள் உலக நாகரிகங்களைத் தங்கள் ஊரிலிருந்தே கற்றுக்கொள்வார்கள்.